ஏரியில் இறங்கிய விமானமும் ஒரு சந்தனப் பொட்டும்

அமெரிக்கா போனவர்கள் எழுதுகிறார்கள். சிங்கப்பூர் போனவர்கள் எழுதுகிறார்கள். நான் போனது உத்திரமேரூர். தாம்பரத்தில் பஸ் ஏறி ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடும். இதற்கெல்லாமா ஒரு பயணக் கட்டுரை என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் நான் பஸ்ஸில் போகவில்லை. மேகத்திலிருந்து விழுந்தேன்.

‘விழுந்தேன்’ என்று எழுதாதீர்கள், ‘இறங்கினேன்’ என்று எழுதுங்கள் என்கிறாள் என் மனைவி விஜயா. அவள் தம்பி இதைப் படிப்பானாம், மானம் போய்விடுமாம். சரி, இறங்கினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. மாம்பலத்தில் எனக்குக் குழாய்க் கடை. பைப்பு, டேப்பு, வாஷ்பேசின், அடைப்பு எடுக்கிற சாமான் எல்லாம் கிடைக்கும். நாற்பது வயது தாண்டினால் ஆண்பிள்ளைக்கு ஏதாவது ஒரு கிறுக்குப் பிடிக்கும். சிலர் தலைக்கு மை அடிப்பார்கள், சிலர் பண்ணை நிலம் வாங்கி ஏமாறுவார்கள். நான் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பெரிய விமானம் இல்லை. இரண்டு பேர் தோள் உரச உட்காரும் சின்ன விமானம். கதவைச் சாத்தினால் பழைய கார் கதவு மாதிரி சத்தம் வரும்.

கற்றுக்கொடுத்தவர் கேப்டன் ரங்கநாதன். விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் அது பெரும்பாலும் திட்டாக இருக்கும். அவர் எனக்குச் சொன்ன பாடங்களில் ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் உங்களுக்குத் தேவைப்படாது.

“நடராஜன், மேகத்துக்குள்ள தனியா போகாதே. தப்பித் தவறிப் போயிட்டா உன் உடம்பு சொல்றதை நம்பாதே. காதுக்குள்ள ஒரு ரசமட்டம் இருக்கு. வெளியில ஒண்ணும் தெரியலைன்னா அது பொய் சொல்ல ஆரம்பிச்சுடும். ஊசி சொல்றதை மட்டும் கேளு.”

தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் ரசமட்டம் நான் கடையில் விற்கிற சாமான்தான். அதனால் புரிந்துவிட்டது என்று நினைத்துத் தலையை ஆட்டினேன்.

விமானம் கற்றுக்கொடுக்கும் எங்கள் கிளப்பில் இன்னொருவரையும் சொல்ல வேண்டும், வாட்ச்மேன் தங்கராஜ். யாராவது பறக்கப் போய், வானிலை சரியில்லை என்று பாதியில் திரும்பிவிட்டால், கேட் பக்கத்தில் நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்பான். “இன்னா சார், பயந்துட்டியா?” அவனுக்கு எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது. மழையா வெயிலா என்று கேட்பது மாதிரிதான் கேட்பான். ஆனால் கேட்கப்பட்டவன் ஒரு வாரம் கிளப்பில் தலை நிமிர முடியாது.

முதல் நாள்.

வேலூர் வரை தனியாகப் போய்த் திரும்பி வந்தால் லைசென்ஸுக்கு முக்கால் கிணறு தாண்டிய மாதிரி. வேலூரில் என் சகலை மாலையோடும் கேமராவோடும் காத்திருந்தார். விஜயா எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்திருந்தாள். டப்பாவைப் பக்கத்து சீட்டில் வைத்து பெல்ட் போட்டேன். காலையில் கிளம்பும்போது வானம் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது.

காஞ்சிபுரம் தாண்டியதும் கீழே தாமல் ஏரி தெரிய வேண்டும். தெரிந்தது ஒரு வெள்ளைச் சுவர். சரி, சுற்றிக்கொண்டு போகலாம் என்று தெற்கே ஒதுங்கினேன். சுவரும் கூடவே ஒதுங்கியது. ரேடியோவில் கூப்பிட்டுப் பார்த்தேன், கரகரவென்று சத்தம் மட்டும் வந்தது. அப்போதே திரும்பியிருக்க வேண்டும். பின்னால் வழி திறந்துதான் கிடந்தது. தங்கராஜின் முகம் கண் முன்னால் வந்தது. சுவரில் ஓர் இடுக்கு தெரிந்தது, அதில் நுழைந்தேன். நுழைந்ததும் இடுக்கு மூடிக்கொண்டது.

மேகத்துக்குள் இருப்பது எப்படி இருக்கும் என்று பல பேர் கேட்டிருக்கிறார்கள். ஒன்றுமே இருக்காது. மேலே இல்லை, கீழே இல்லை, ரெக்கை நுனி கூட இல்லை. கண்ணாடிக்கு வெளியே சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். நான் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தேன். சத்தியமாக நேராக. என் முதுகு சொன்னது, பிருஷ்டம் சொன்னது, எலுமிச்சை சாத டப்பா கூட ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

எதிரே கருவிப் பலகையில் ஒரு வட்டத்துக்குள் சின்ன பொம்மை விமானம் வரைந்திருக்கும். அது மட்டும் இடது பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தது. உயரம் காட்டும் ஊசி அவசர அவசரமாக இறங்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. கருவி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். வாடிக்கையாளர் குழாய் ஒழுகுகிறது என்று வந்து நின்றால், முதலில் உங்கள் வாஷர் சரியில்லை என்று சொல்லிப் பழக்கப்பட்டவன் நான். இறங்குகிறதே என்று மூக்கை மேலே இழுத்தேன். ஊசி இன்னும் வேகமாக இறங்கியது. உடம்பு சீட்டோடு அழுந்தியது.

அப்போதுதான் கேப்டனின் குரல் காதில் விழுந்தது என்று எழுத ஆசை. அப்படி ஒன்றும் விழவில்லை. பயம் வந்தது, அவ்வளவுதான். பெற்றவளை நினைத்துக்கொண்டேன், விஜயாவை நினைத்துக்கொண்டேன், கடை ஷட்டரின் இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது என்று அவளுக்குச் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். வேறு போக்கிடம் இல்லாமல்தான் பொம்மை விமானத்தை நம்பினேன். அதை நேராக்கினேன். நேராக்கியதும் உடம்பு, ஐயோ வலது பக்கம் கவிழ்கிறாய் என்று கத்தியது. கத்தட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொம்மையையே பார்த்தேன். கண்ணீர் வேறு வந்து மறைத்தது.

திடீரென்று மேகத்தின் அடி வயிறு கிழிந்து, பனை மரங்கள் மிக அருகில் தெரிந்தன. அவ்வளவு கீழே வந்திருந்தேன். முன்னால் ஒரு பெரிய ஏரி. அந்த வருஷம் தென்மேற்குப் பருவம் பொய்த்திருந்ததால் ஏரியில் தண்ணீர் இல்லை, ஓரத்தில் ஒரு குட்டை மட்டும் இருந்தது. மீதியெல்லாம் வெடித்துக் காய்ந்த தரை. இனி மேலே போகிற தைரியம் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் கிடையாது. இறக்கினேன். கடைசியில் முன் சக்கரம் மாட்டுக் குளம்புக் குழியில் மாட்டி டயர் பஞ்சரானது. மற்றபடி விமானத்துக்கும் எலுமிச்சை சாதத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை.

முதலில் வந்தது ஒரு பெண்மணி. கையில் சேறும் ஒரு அலுமினியப் பாத்திரமும். குட்டையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவள். பேர் கன்னியம்மா. ஏரிக்கரை ஓரம் நாலைந்து இருளர் குடும்பங்கள் இருக்கின்றன, அதில் ஒன்று அவளுடையது. பக்கத்து நிலங்களில் நடவும் களையெடுப்பும் அவர்களுக்கு வேலை. விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என்னிடம் வந்தாள்.

“இன்னா சார், தனியாவா வந்த?”

“ஆமாம்மா.”

“வயி தெரியாம வந்துட்டியா?”

“ஆமா.”

“மேல வயி கேக்க ஆள் இல்ல போல கீது, பாவம்” என்றாள். ஓடிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். 

கொஞ்ச நேரத்தில் ஊரே கரையில் நின்றது. ஊரின் ஒரே டிராக்டருக்குச் சொந்தக்காரரான ஏழுமலை, டிராக்டரிலேயே ஏரிக்குள் இறங்கி வந்தார். “எங்க ஏரில எறங்குன மொத ப்ளேனு சார் இது. பக்கத்து ஊருக்காரனுங்க வயிறு எரிஞ்சிக்கினு கீறானுங்க” என்று என் கையைக் குலுக்கினார். விமானத்தைக் காவல் காக்கும் பொறுப்பை கன்னியம்மாவும் அவள் புருஷனும் ஏற்றுக்கொண்டார்கள். என்னை டிராக்டரின் சக்கர மூடியில் உட்கார வைத்து உத்திரமேரூருக்குக் கொண்டுபோனார்கள். ஆகாயத்தில் வராத வாந்தி அந்த ரோட்டில் வந்தது.

உத்திரமேரூரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் காதர் பாயின் டிபன் கடை. கடையின் ஒரு மூலையில் கண்ணாடிக் கூண்டுக்குள் எஸ்டிடி போன். மாடியில் ஒரு அறை. எல்லாம் அவருடையதுதான். “மொதல்ல நாஷ்டா பண்ணு சார். பேஜாரெல்லாம் அப்பால பாத்துக்கலாம்” என்றார். பரோட்டா நன்றாகவே இருந்தது. எங்கள் தெரு முனைக் கடையில் பரோட்டாவுக்கு இப்படிப் பொறுமையாக அடி விழாது.

போனில் கேப்டனிடம் சொன்னேன். “அடிபட்டுதா?” என்றார். இல்லை என்றேன். போனை வைத்துவிட்டார். விஜயாவிடம் சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி, “சாப்பிட்டீங்களா?” இரண்டாவது கேள்விக்குள் அழுதுவிட்டாள். நானும் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று அழுதேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

இரண்டாம் நாள்.

கேப்டன் பஸ்ஸில் வந்தார், கழுத்தில் விமானச் சக்கரத்தின் டியூபை மாட்டிக்கொண்டு. கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் போட்டானாம். அங்கிருந்து ஏரிக்குக் காதர் பாயின் மொபெட்டில் கிளம்பினார். பாதி வழியில் பெட்ரோல் தீர்ந்தது. போர் விமானம் ஓட்டிய மனிதர், டியூபும் கழுத்துமாக, வேலிகாத்தான் முட்களுக்கு நடுவில் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். அந்த நேரம் பார்த்து நான் கன்னியம்மா கொடுத்த கெளுத்தி மீன் குழம்பைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தேன்.

“மேகத்துக்குள்ள போனியா?”

“போனேன் சார்.”

“தெரியாம போனியா, தெரிஞ்சு போனியா?”

“தெரிஞ்சுதான்.”

“ஏன் திரும்பலை?”

தங்கராஜின் பேரைச் சொல்ல வாய் வரவில்லை. “வேலூர்ல சகலை மாலையோட நின்னார் சார்” என்றேன்.

“அந்த மாலையை உன் போட்டோவுக்குப் போட்டிருப்பார். இதோட சரி. இனிமே என் கிளப்பில உனக்கு விமானம் கிடையாது. குழாய்க் கடையைப் பாத்துக்கோ” என்றார். கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. உயிரோடு வந்தது பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலைகள் எல்லாம் ஒரே நொடியில் பறிபோன மாதிரி இருந்தது.

அன்று முழுக்கப் போலீஸ் ஸ்டேஷன், தாலுகா ஆபீஸ் என்று அனுமதிக்கு அலைந்தோம். கல்வெட்டுக்குப் பேர்போன ஊர் அது. கல்வெட்டைப் பார்க்க மட்டும் நேரம் கிடைக்கவில்லை. சாயந்தரம் கேப்டன் கிழக்கே பார்த்தார். “மழை வரப்போறது. நாளைக்குக் காலைல சக்கரத்தை மாட்டிட்டு நான் மட்டும் கிளம்பிடறேன். ரெண்டு பேர் ஏறினா இந்த ஏரி பத்தாது. மழை விழுந்துட்டா சேத்துல சக்கரம் நகராது. அப்புறம் மூட்டை கட்டித்தான் எடுத்துட்டுப் போகணும்.”

ஊரோ மழைக்குத் தவம் கிடந்தது. கன்னியம்மாதான் இரண்டு பக்கமும் நியாயம் பேசினாள். “மய வந்தாத்தான் எங்களுக்குச் சோறு சார். ஆனா ஒங்க ஏரோப்ளேனு போனப்பறம் வரட்டும். ஒரு நாள் பொறுத்தா இன்னா கொறஞ்சிடப் போவுது?”

மூன்றாம் நாள்.

அன்று ஆயுத பூஜை என்பதை நாங்கள் இருவருமே மறந்துவிட்டோம். காலையில் ஏரிக்குப் போனால், முந்தின நாள் ஏழுமலையின் டிராக்டர் கொட்டகையில் பத்திரமாக இருக்கட்டும் என்று விட்டுவந்த கேப்டனின் ஸ்பானர் பை பூஜையில் இருந்தது. கலப்பை, கடப்பாரை, மருந்தடிக்கும் பம்பு, ஏழுமலை மகளின் ஜியாமெட்ரி பாக்ஸ், அதற்கு நடுவில் கேப்டனின் ஸ்பானர்கள் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

“ஸ்பானர் வேணும்” என்றார் கேப்டன்.

“இன்னிக்கி எடுக்கக் கூடாது சார். பூஜைல வெச்சாச்சி. நாளிக்கிக் காலைல எடுத்துக்கோ.”

“மழை வந்துடும்யா.”

“வராது சார், சாமி பாத்துக்கும்.”

“சாமிக்கு வானிலை அறிக்கை தெரியுமா?”

“அதுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?” என்றார் ஏழுமலை, உண்மையாகவே புரியாமல். கேப்டன் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். பஞ்சர் கடை, சைக்கிள் கடை எதிலும் அன்றைக்கு ஆயுதத்தைத் தொடுகிறவன் இல்லை.

மத்தியானம் காதர் பாய் கடையில் அடுத்த நாளைக்கு வேண்டிய அனுமதிக் கடிதத்துக்காக போன் பண்ணிக்கொண்டிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால், எங்கள் விமானத்தை எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. இரண்டு ரெக்கையிலும் வாழைக்கன்று. விசிறிக்குச் சாமந்தி மாலை. உடம்பு முழுக்கச் சந்தனம், குங்குமம். சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம். பஞ்சரான சக்கரத்துக்கு மட்டும் இரக்கப்பட்டு இரண்டு. ஊரில் இருக்கிற டிராக்டருக்கும் சைக்கிளுக்கும் பூஜை போட்டுவிட்டு, விருந்தாளியாக வந்த விமானத்தை மட்டும் மூளியாக விடுவார்களா? வேகம் பார்க்கிற குழாய்க்கு நான் முதல் நாளே துணி உறை மாட்டியிருந்தேன், நல்லவேளை. உறைக்கும் பொட்டு வைத்திருந்தார்கள்.

கேப்டன் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கற்பூரம் காட்டியபோது கன்னத்தில் போட்டுக்கொண்டார். பொரியும் சுண்டலும் இரண்டு தரம் வாங்கித் தின்றார். “நாளைக்கு ஒரு பொட்டு இருக்கக் கூடாது. நீதான் துடைக்கணும்” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நான்காம் நாள்.

விடிந்ததுமே மேகம் பனந்தலை உயரத்துக்குத் தொங்கியது. பிறகு கொஞ்சம் மேலேறியது. ஸ்பானர்கள் பூஜையிலிருந்து விடுதலை ஆகி வந்தன, சக்கரத்தை மாட்டினோம். ஈரத் துண்டால் நான் விமானத்தைத் துடைத்தேன். கல்யாண வீட்டுப் பாத்திரம் தேய்த்த மாதிரி கை நொந்தது. கேப்டன் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அவருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி உண்டு, ஆனால் நாலு பேர் முன்னால் போட மாட்டார். ஏறி உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டு, ஏரியின் அந்தக் கோடிக்கு விமானத்தை உருட்டிக்கொண்டு போனார். ஒரு மழைத்துளி என் மூக்கில் விழுந்தது.

கன்னியம்மா என் பக்கத்தில் நின்றிருந்தாள். “எல்லாத்தையும் அயிச்சிட்டியா சார்?”

“ஆமாம்மா. கேப்டன் சொல்லிட்டார்.”

“நா வெச்சது மட்டும் இருக்கும். அது யாரு கண்ணுக்கும் தெரியாது” என்று வெட்கத்தோடு சிரித்தாள். “எல்லாரும் போனப்பறம் பாத்தேன். ஏரோப்ளேனு ஒடம்புல மஞ்சக் கோடு போவுதுல்ல, அதுல எறும்பு வள மாரி ஒரு ஓட்ட கீது. எல்லாத்துக்கும் வெச்சிட்டு, பாவம், அத்த மட்டும் உட்டுட்டாங்க. மிச்சம் இருந்த சந்தனத்த நாந்தான் நல்லா அமுக்கி வெச்சேன்.”

அடைப்பு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், அது என் பிழைப்பு. அந்த ஓட்டை வழியாகத்தான் வெளிக்காற்றின் அழுத்தம் உள்ளே போகும். உயரம் காட்டும் ஊசிக்கு மூச்சே அதுதான், வேக ஊசிக்கும் அதில் பங்கு உண்டு. அடைத்துக்கொண்டால் தரையில் எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும். மேலே போனபின் எவ்வளவு ஏறினாலும் இறங்கினாலும் உயர ஊசி ஏரித் தரையிலேயே நிற்கும். வெயில் நாளில் ஜன்னலைப் பார்த்து ஓட்டிக்கொண்டு போய்விடலாம். மேகத்துக்குள், தனியாக, உடம்பும் பொய் சொல்லி ஊசியும் பொய் சொன்னால் அப்புறம் யாரைக் கேட்பது?

ஓடினேன். துண்டைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு ஏரிக்கு நடுவில் ஓடினேன். வழியனுப்புகிறேன் என்று நினைத்து ஊரே துண்டைச் சுழற்றியது. கேப்டனும் கண்ணாடிக்குள்ளிருந்து கையை ஆட்டினார். எஞ்சின் சத்தம் கூடியது. விமானம் என்னை நோக்கி உருள ஆரம்பித்தது. நான் நகரவில்லை. தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள், கால் வரவில்லை. இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றேன்.

எஞ்சின் அடங்கி, சக்கரம் கிரீச்சிட்டு, விசிறி எனக்குக் கொஞ்ச தூரத்தில் நின்றது.

“பைத்தியமா நீ?” என்று கத்திக்கொண்டே இறங்கினார். நான் மஞ்சள் கோட்டைத் தொட்டுக் காட்டினேன். மஞ்சளுக்குள் மஞ்சளாக, உளுந்து அளவில், காய்ந்து கெட்டித்துப் போன சந்தனம். கேப்டன் சட்டைப் பையிலிருந்து வெள்ளெழுத்துக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். நாலு பேர் என்ன, நானூறு பேர் முன்னால் போட்டுக்கொண்டார். பார்த்தார். பிறகு மேகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“யார் வெச்சது?”

“கூட்டத்துல யாரோ சார்” என்றேன்.

“நாந்தான் சார் வெச்சேன்” என்றாள் பின்னால் ஓடிவந்த கன்னியம்மா. “தப்பா?”

நான் சொன்னேன், “அது அந்த ஓட்டை வழியாத்தான் மூச்சு விடும்மா.”

“ஐயோ, மூக்க அடச்சிட்டனா?” அவள் முகம் வெளுத்துவிட்டது. “சொல்லியிருந்தா வெச்சிருக்க மாட்டனே சார்.”

கேப்டன் அவளைத் திட்டவில்லை. “பின்னு இருக்காம்மா?” என்று மட்டும் கேட்டார். தாலிக் கயிற்றிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். தண்ணீர் தொட்டு ஊறவைத்து, ஊக்கு முனையால் மெல்ல மெல்ல எடுத்தார். காது குத்துகிறவர் மாதிரி அவ்வளவு பதமாக. எடுத்து முடித்ததும், “நல்லா அழுத்தமாத்தான் வெச்சிருக்கே” என்று ஊக்கைத் திருப்பிக் கொடுத்தார். அவள் சிரிக்கவில்லை.

விமானம் கரையைத் தாண்டி எழும்பியபோது எல்லோரும் கைதட்டினார்கள். கன்னியம்மா மட்டும் பார்க்கவில்லை. குனிந்து உட்கார்ந்து, தாலியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் வடகிழக்கே தேய்ந்து, பிறகு கேட்கவே இல்லை. தூறல் விட்டு விட்டு விழுந்தது. நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். இன்னும் வேறு ஏதாவது ஓட்டை இருந்ததா என்று மனதுக்குள் விமானத்தைச் சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சத்தம் மறுபடி கேட்டது. அதே திசையிலிருந்து, கிட்டே கிட்டே வந்தது. பனை மரங்களுக்கு மேலே விமானம் தலை காட்டியது. ஒரு வட்டம் போட்டு, கிளம்பிய அதே தரையில் வந்து இறங்கியது.

கேப்டன் கதவைத் திறப்பதற்குள் கன்னியம்மா ஓடிவிட்டாள். “இன்னா ஆச்சி சார்? பயந்துட்டியா?”

ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. ஏழுமலை, காதர் பாய், கரை மேல் அத்தனை ஜனம்.

“ஆமாம்மா, பயந்துட்டேன்” என்றார் கேப்டன். “உன் பொட்டால இல்லை. அது சரியாயிடுச்சு, ஊசியெல்லாம் ஒழுங்கா வேலை செய்யுது. மேகம் அடைச்சுக்கிட்டு நிக்குது. அதுக்குள்ள தனியா போறதுக்கு எனக்குப் பயம்.” மணி பார்ப்பது மாதிரி சாதாரணமாகச் சொன்னார். “சாப்பிட ஏதாவது இருக்கா?”

கெளுத்தி மீன் குழம்பு இருந்தது. ரெக்கைக்கு அடியில், தூறலுக்கு ஒதுங்கி, இருவரும் சாப்பிட்டோம். மழை வலுத்தால் விமானம் ஏரியோடு போச்சு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் முள்ளை நிதானமாக எடுத்துக்கொண்டிருந்தார்.

“உண்மையைச் சொல்லு. அன்னிக்கு நீ ஏன் திரும்பலை?”

“தங்கராஜ் கேப்பான் சார்.”

அந்த நாலு நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். புரை ஏறிவிட்டது. “என்னையும்தான் கேக்கறான். வருஷக்கணக்கா கேக்கறான். ஆமாடான்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடுவேன்.”

பிற்பகலில் வடக்கே ஒரு பெரிய ஜன்னல் திறந்தது. நீலம் தெரிந்தது. கேப்டன் எழுந்து கை கழுவினார். ஏறுவதற்கு முன் அந்த ஓட்டையை ஒரு தரம் கண்ணாடி போட்டுப் பார்த்தார். “ஞாயித்துக்கிழமை வா. சீக்கிரம் வா” என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். இந்த முறை கன்னியம்மா நிமிர்ந்து பார்த்தாள். கண்ணுக்கு மறையும் வரை பார்த்தாள்.

நான் பஸ்ஸில் திரும்பினேன். தாம்பரம் வருவதற்குள் கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஜன்னல் ஷட்டர் ஒன்றும் மூடவில்லை. முழுக்க நனைந்தேன், ஏரியை நினைத்துக்கொண்டேன்.

சில வாரம் கழித்து மறுபடி வேலூருக்குத் தனியாகக் கிளம்பினேன். சகலை மறுபடி மாலையோடு நின்றார். காஞ்சிபுரம் தாண்டியதும் அதே வெள்ளைச் சுவர். அதில் ஓர் இடுக்கு கூட இருந்தது, பார்க்க அழகாக. நான் திரும்பிவிட்டேன்.

விமானத்தை நிறுத்திவிட்டு, எலுமிச்சை சாத டப்பாவோடு கேட்டுக்கு வந்தேன். தங்கராஜ் ஸ்டூலிலிருந்து எழுந்தான்.

“இன்னா சார், பயந்துட்டியா?”

“ஆமா தங்கராஜ், பயந்துட்டேன்” என்றேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டு எனக்கு டீ சொல்லப் போனான்.